ரைன் கரையா, ஸ்ட்ராஸ்பூர்க் வயலா? பிற்கால ரோமப் படையை மேசைக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு

வாலஸ் ப்ரீம் 1970இல் எழுதிய ‘ஈகிள் இன் தி ஸ்னோ’ நாவலைப் படித்து முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மேக்சிமஸ் என்று ஒரு தளபதி. கையில் ஒரே ஒரு லீஜியன், அதாவது ரோமப் படைப்பிரிவு. முன்னால் ரைன் ஆறு. அக்கரையில் குடும்பம் குட்டிகளோடும் வண்டிகளோடும் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும் வேண்டல்கள், ஆலன்கள், சுவேபிகள் என்ற இனக்குழுக்கள். ஆறு உறைந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அந்தக் கரையை மேசைமேல் கட்டி, அதே கையளவு படையை வைத்து, எத்தனை நேரம் தாக்குப்பிடிக்க முடிகிறதென்று நானே பார்க்க வேண்டும் என்ற ஆசை அன்றைக்குப் பிடித்தது. இன்னும் விடவில்லை.

மினியேச்சர் வார்கேமிங் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: சின்னச் சின்ன உலோக, பிளாஸ்டிக் வீரர்களுக்கு நாமே வண்ணம் தீட்டி, அட்டைத் துண்டில் ஒட்டி, குன்றும் ஆறும் அமைத்த மேசையில் அளவுகோலும் பகடையும் வைத்து ஆடும் போர் விளையாட்டு இது. சதுரங்கத்தைப் போலக் கட்டங்கள் பெரும்பாலும் இருக்காது. பகடை கெடுத்தாலும் திட்டம் நிற்க வேண்டும், அதுதான் திறமை.

நாவல் படித்துவிட்டு இந்தப் பக்கம் வருபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எந்தப் பெட்டியை வாங்கலாம்? அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் எந்தப் போர் என்று முடிவாக வேண்டும். அதிலிருந்து பொம்மையின் அளவு வரும், அளவிலிருந்து விதிநூல் வரும். தலைகீழாகத் தொடங்கினால், பாதி வண்ணம் பூசிய அறுபது வீரர்கள் அட்டைப்பெட்டியில் கிடப்பார்கள். என்னிடமும் அப்படி ஒரு பெட்டி இருக்கிறது.

அதற்கும் முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். சினிமாவில் பார்த்த பட்டைக் கவசமும் நீள்சதுரக் கேடயமும் இந்தக் காலத்துக்குப் பொருந்தாது. நான்காம் நூற்றாண்டு ரோமச் சிப்பாய் முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் போட்டவன். கையில் வட்டமான, அல்லது முட்டை வடிவக் கேடயம், இடுப்பில் ‘ஸ்பாத்தா’ என்ற நீண்ட வாள். தலைக்கவசத்தின் நடுவே மேடாக ஒரு முகடு ஓடும். கேடயத்தின் உட்புறத்தில் ஈயம் கோத்த எறியம்புகளை ஐந்து ஐந்தாக வைத்திருப்பார்கள் என்று ரோமப் போர்க்கலை நூலாசிரியர் வெஜீஷியஸ் எழுதியிருக்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால் அவனுக்கும் எதிரிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. விளையாட்டுக்காரருக்கு இது பெரிய வரம். ஒரே பொம்மையை இரண்டு பக்கமும் பயன்படுத்தலாம்.

போர்களுக்கு வருகிறேன். நான்கைத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஹூணர் அரசன் அட்டிலாவை ரோமத் தளபதி ஏட்டியஸ் எதிர்கொண்ட 451ஆம் ஆண்டுச் சண்டையைச் சேர்க்கவில்லை. அதற்கு ஹூணர், விசிகோத், ஆலன், ரோமர் என்று நான்கு படை வேண்டும். முதல் முயற்சிக்கு அது சரிப்படாது.

இந்த நான்கையும் இரண்டாகப் பிரிக்கும் கோடு ஒன்று உண்டு. அந்தக் கோட்டின் பெயர் அம்மியானஸ் மார்செல்லினஸ். தானே படையில் இருந்தவர், கண்ணால் பார்த்ததுபோல எழுதுபவர். அவர் எழுதிய வரலாறு 378இல் அட்ரியானோப்பிள் போரோடு நின்றுவிடுகிறது. அதற்கு முந்தைய போர்களில் யார் எங்கே நின்றார்கள், எப்போது ஓடினார்கள் என்பதுவரை நமக்குத் தெரியும். அதற்குப் பின் இருட்டு. அந்த இருட்டில்தான் நாவலாசிரியர்கள் விளக்கேற்றுகிறார்கள்.

ஸ்ட்ராஸ்பூர்க், 357. வெளிச்சமான பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இது. கோர் விடாலின் ‘ஜூலியன்’ நாவலைப் படித்தவர்களுக்கு, பின்னாளில் பேரரசரான ஜூலியன் பழக்கமானவர்: புத்தகத்தோடு வளர்ந்து, இருபத்து நான்கு வயதுவாக்கில் படையைக் கையில் வாங்கியவர். ரோமர் 13,000, எதிரே அலமன்னிகள் என்ற ஜெர்மானியர் 35,000 என்கிறார் அம்மியானஸ். இரண்டாவது எண்ணை இன்றைய ஆய்வாளர்கள் பலர் நம்புவதில்லை. கோடை வெயில், கதிர் முற்றிய வயல், 21 மைல் நடந்து களைத்த படை. ஜூலியன் ஓய்வெடுத்து மறுநாள் மோதலாம் என்கிறார். சிப்பாய்கள் கேடயத்தில் ஈட்டியைத் தட்டி இப்போதே வேண்டும் என்கிறார்கள். வலப்பக்கம் நின்ற ரோமக் கனரகக் குதிரைப்படை பின்வாங்கி ஓட, தன் ஊதா நிற டிராகன் கொடியோடு ஜூலியன் குறுக்கே வந்து நின்று திருப்புகிறார். இடப்பக்கத்தில் ரோமத் தளபதி செவெரஸ், எதிரிகள் பதுங்கியிருக்கிறார்களோ என்று சந்தேகப்பட்டுப் படையை நிறுத்துகிறார். சந்தேகம் சரிதான். முடிவில் ரோமர் தரப்பில் இறந்தவர்கள் 243 சிப்பாய்களும் நான்கு அதிகாரிகளும். அலமன்னி அரசன் க்னோடோமார் பிடிபடுகிறான்.

இதில் எனக்கு நெருக்கமான ஒரு காட்சி உண்டு. சண்டை தொடங்கும் முன்பு அலமன்னிக் காலாட்கள் ஒரே குரலில் கத்துகிறார்கள்: தலைவர்கள் குதிரையை விட்டு இறங்க வேண்டும், தோற்றால் எங்களை விட்டுவிட்டு ஓடிவிடக் கூடாது என்று. க்னோடோமார் குதித்து இறங்குகிறான், மற்றவர்களும் இறங்குகிறார்கள். என் அக்கா மகன், பத்தாம் வகுப்பு படிக்கிறவன், இரண்டு ஆட்டம் தொடர்ந்து அலமன்னிகளை ஆடினான். முதல் ஆட்டத்தில் தலைவனைக் குதிரையிலேயே வைத்திருந்தான். நடுவரிசை உடைந்ததும் தலைவனைக் காப்பாற்றப் பின்னால் இழுத்தான். படை கலைந்தது. இரண்டாவது ஆட்டத்தில் அவனாகவே, “மாமா, இவரை இறக்கிவிட்டுடலாம், அப்பதான் நானே ஓடமாட்டேன்” என்றான். அம்மியானஸ் எழுதியதை அவன் அதுவரை படித்ததில்லை. ஒரு சரித்திரப் போரை மேசையில் ஆடுவதன் பலன் இதுதான்: ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது கைக்குப் புரிகிறது.

அட்ரியானோப்பிள், 378 ஆகஸ்ட் 9. புகழ் இதற்குத்தான் அதிகம். பேரரசர் வேலன்ஸ் இறந்தார், உடல் கிடைக்கவில்லை, படையில் மூன்றில் ஒரு பங்குதான் தப்பியது. ஆனால் மேசைக்கு இது கடினமான பிள்ளை. எதிரிகளான கோத்து இனத்தாரின் வண்டிவளையம் வேண்டும், அதற்குக் குறைந்தது எட்டுப் பத்து வண்டிகள் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், அந்தப் போரைத் தீர்மானித்தது ஒரு திடுக்கிடல். மேய்ச்சலுக்குத் தூரம் போயிருந்த கோத்துக் குதிரைப்படை, அலத்தேயஸ், சப்ராக்ஸ் என்ற இருவர் தலைமையில், திடீரென்று வந்து விழுந்தது. நமக்கோ அது வரப்போவது முதல் நிமிடத்திலேயே தெரியும். ரோமப் பக்கம் ஆடுகிறவர் தொடக்கத்திலிருந்தே அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எந்தச் சுற்றில், எந்தத் திசையில் வருவார்கள் என்பதைப் பகடைக்கு விட்டால் ஓரளவு சரியாகும். ஒரு நண்பர் அப்படி ஆட வைத்தார், நன்றாகவே இருந்தது. ஆனாலும் இதை முதல் படையாக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இனி இருட்டுப் பக்கம். ரைன் கடப்பு, 406 டிசம்பர் 31. தேதியை ஐந்தாம் நூற்றாண்டு வரலாற்றுக் குறிப்பாளர் அக்கிடைனின் ப்ரோஸ்பர் குறித்து வைத்திருக்கிறார். மைன்ஸ் நகரம் விழுந்ததையும் தேவாலயத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் வெட்டப்பட்டதையும் கிறிஸ்தவத் துறவி ஜெரோம் ஒரு கடிதத்தில் புலம்புகிறார். அவ்வளவுதான். கரையில் யார் நின்றார்கள், நின்றார்களா இல்லையா, ஒரு வரியும் இல்லை. இத்தாலியைக் காப்பாற்ற ரோமத் தளபதி ஸ்டிலிக்கோ எல்லைப் படைகளை ஏற்கெனவே உருவியிருந்தார். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: ஆறு உறைந்தது என்று எந்தப் பழைய ஆவணமும் சொல்லவில்லை. உறைந்திருக்கக்கூடும் என்று எழுதியவர் பதினெட்டாம் நூற்றாண்டின் எட்வர்ட் கிப்பன். அந்த ஊகத்தின் மேல்தான் நாவலின் மிகப் பெரிய காட்சி நிற்கிறது. நாவலில் மேக்சிமஸ் நடத்தும் இருபதாம் லீஜியனும் அப்படியே. அதன் கடைசித் தடயம் மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனில் தனி ஆட்சி நடத்திய கராசியஸ் வெளியிட்ட நாணயங்களில்தான் இருக்கிறது. பிறகு படைப்பட்டியலில் அதைக் காணோம்.

இதைக் கேட்டுச் சிலர் இந்தப் போரைக் கைவிடுகிறார்கள். நான் கைவிடவில்லை. சரித்திரம் காலியாக விட்ட இடத்தில் நம் விதிகளை நாமே எழுதிக்கொள்ளலாம், யாரும் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் இது தோல்விக் கதை. நேருக்கு நேர் மோதவிட்டால் ரோமர் எப்போதும் தோற்பார்கள், இரண்டு ஆட்டத்தில் அலுத்துவிடும். வெற்றியைச் சுற்றுக் கணக்கில் வைக்க வேண்டும். பத்தாவது சுற்று முடியும்வரை சாலையைப் பிடித்து வைத்திருந்தால் ரோமருக்கு வெற்றி.

நாங்கள் ஆடியது இப்படி. ஆற்றை ஐந்து துண்டாகப் பிரித்தோம். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒரு பகடை. ஒன்று முதல் ஐந்து வரை விழுந்தால் அந்த எண்ணுள்ள துண்டில் பனி ஒரு படி இறுகும், ஆறு விழுந்தால் அந்தச் சுற்றுத் தப்பித்தோம். ஒரு படி இறுகினால் காலாள் நடக்கலாம், இரண்டு படி இறுகினால் குதிரையும் வண்டியும் வரலாம். ரோமர் எட்டு அணி, எதிரே பதினாறு. ஏழாவது சுற்றில் நான்காம் துண்டு இரண்டாவது முறையாக இறுகியது. என் குதிரை அணி முதல் துண்டின் பக்கம் நிற்கிறது, நடுவில் ஒரு காலாள் அணி தனியாக மூன்று எதிரி அணிகளைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. எத்தனை அணிகளை நகர்த்தலாம் என்பதற்கான பகடையை உருட்டினேன். ஒன்று. ஒரே ஒரு நகர்வு. குதிரையை நான்காம் துண்டுக்கு அனுப்புவதா, தனியாக நிற்பவர்களைப் பின்வாங்கச் சொல்வதா? மேசைக்கு எதிரே அக்கா மகன் ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். குதிரையை அனுப்பினேன். அந்தக் காலாள் அணி அடுத்த சுற்றில் போய்விட்டது. ஒன்பதாவது சுற்றில் சாலையும் போனது. நாவலில் மேக்சிமஸ் படும் பாட்டை, படிக்கும்போது உணர்ந்ததைவிட அந்த இரண்டு நிமிடத்தில் அதிகம் உணர்ந்தேன்.

பனியே வேண்டாம், ஆவணத்தில் இருப்பது மட்டும் போதும் என்பவர்களுக்கும் அதே ஆண்டில் ஒரு சண்டை இருக்கிறது. ரோமரின் கூட்டாளிகளான பிராங்குகள் வேண்டல்களை எதிர்த்தார்கள். வேண்டல் அரசன் கோடிஜிசெல் விழுந்தான். இருபதாயிரம் பேர் மாண்டு, முழு அழிவு நெருங்கிய நேரத்தில் அரசன் ரெஸ்பென்டியலின் ஆலன் படை வந்து மீட்டது. டூர் நகரத்து ஆயர் கிரிகொரி, தமக்கு முந்தைய ஒரு வரலாற்றாசிரியரிடமிருந்து எடுத்துச் சொல்லும் செய்தி இது. நேரத்தோடு பந்தயம் போடும் அருமையான ஆட்டம், அதிகம் பேர் ஆடுவதில்லை.

நான்காவது பிரிட்டன். ரோமப் படை கப்பலேறிப் போனபின் மிஞ்சியவர்கள். ரோஸ்மேரி சட்கிளிஃபின் ‘தி லான்டர்ன் பேரர்ஸ்’ படித்து இந்தக் காலத்துக்குள் வந்தவர்களுக்கு வேறெதுவும் மனசுக்கு ஒட்டாது, அவர்களை மாற்ற முயல்வதும் வீண். அவர்களுக்கான போர் பெரும்படைப் போர் அல்ல. நாற்பது பேர் ஒரு கிராமத்துக்குள் நுழைவது, மாட்டை ஓட்டிக்கொண்டு போவது, பாலத்தை மறிப்பது. ஒவ்வொரு வீரனுக்கும் பெயர் வைக்கலாம்.

அளவு இங்கேதான் தானாக முடிவாகிறது. 28 மி.மீ. வீரன், பத்து ரூபாய் நாணயத்தை நிமிர்த்தி வைத்த உயரம். முகத்தில் மீசை தெரியும். 15 மி.மீ. கட்டைவிரல் நகம். 6 மி.மீ. அரிசி மணி நீளம். பிரிட்டன் என்றால் யோசிக்காமல் 28. கிரிப்பிங் பீஸ்ட் நிறுவனத்தின் பிளாஸ்டிக் பெட்டிகளில் பிற்கால ரோமக் காலாளும் கோத்துகளும் கிடைக்கிறார்கள். பிளாஸ்டிக் எடை குறைவு, வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது அஞ்சல் செலவில் அது நன்றாகவே தெரியும். ஒருவனுக்கு ஒழுங்காக வண்ணம் தீட்ட எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. நாற்பது பேர் என்றால் ஒரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள். ஸ்ட்ராஸ்பூர்க்கையோ ரைனையோ 28இல் செய்யப் புறப்பட்டால் நூற்றுக்கணக்கில் வேண்டும், ஆறடி மேசை வேண்டும், ஒரு மன்றமே வேண்டும். அப்படி ஆடுவதற்கென்றே ரிக் ப்ரீஸ்ட்லி எழுதிய ‘ஹெய்ல் சீசர்’ இருக்கிறது. கட்டளையை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் பகடையை உருட்ட வேண்டும், கேட்கவே கம்பீரமாக இருக்கும். ஆனால் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அது ஒத்துவராது.

6 மி.மீ.யில் கூட்டம் கூட்டமாகத் தெரியும். அக்கரை முழுக்க எதிரி நிற்கும் அந்தப் பயத்தை இந்த அளவு கொடுப்பதுபோல வேறெதுவும் கொடுக்காது. ரைன் ஒன்றுதான் வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்பவர்கள் இதையே எடுக்கலாம். எனக்குக் கேடயத்தில் எதுவும் தெரியாமல் போவது பொறுக்கவில்லை.

கேடயம் என்றால் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 400 வாக்கில் தொகுக்கப்பட்ட ‘நோட்டீஷியா டிக்னிட்டாட்டம்’ என்ற பதவிப் பட்டியலில், படைப்பிரிவின் பெயரோடு அதன் கேடயமும் வண்ணத்தில் வரையப்பட்டிருக்கிறது. சிவப்பு, மஞ்சள், வெள்ளை வளையங்கள், நட்சத்திரங்கள், விலங்குகள். மூலம் தொலைந்துவிட்டது, பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுப் பிரதிகள்தான் மிச்சம். ஒரு பிரதியில் இருக்கும் நிறம் இன்னொன்றில் மாறியிருக்கும். எனவே உங்கள் சிவப்பைப் பார்த்து யாராவது தவறென்றால் கலங்க வேண்டாம். இருபதாம் லீஜியன் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆனால் பிரிட்டனில் கிடைத்த அதன் கூரை ஓட்டு முகப்புகளில் ஒரு காட்டுப்பன்றி ஓடுகிறது. நான் அதையே எடுத்துக்கொண்டேன். 15 மி.மீ. கேடயத்தில் அந்தப் பன்றி மூன்று மில்லிமீட்டர்தான்: முதலில் கறுப்பில் ஒரு அவரை விதை, அதற்கு நான்கு கால், முதுகில் மூன்று முடி. நூறு வாட் விளக்கும் மூச்சைப் பிடிக்கும் பழக்கமும் போதும்.

15 மி.மீ.யை நான் தேர்ந்தெடுத்த காரணம் இதுவும்தான், இன்னொன்றும் இருக்கிறது. ‘டி பெல்லிஸ் ஆன்டிகுவிடாட்டிஸ்’, சுருக்கமாக டிபிஏ, 1990இல் வந்த விதிநூல். ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு அடித்தட்டுகள் (வீரர்களைச் சேர்த்து ஒட்டிய துண்டுகள்), ஏறத்தாழ நாற்பது வீரர்கள், இரண்டடிச் சதுர மேசை, ஒரு மணி நேரம். நான்கு தட்டுகளை இழந்தால் தோல்வி. எத்தனை அணிகளை நகர்த்தலாம் என்று மேலே உருட்டிய அந்த ஒற்றைப் பகடை இதிலிருந்து வந்ததுதான். விதிநூலின் மொழிநடை கரடுமுரடு, முதல் வாரம் தலைவலிக்கும். கட்டம் போட்ட மேசையும் சீட்டுக்கட்டும் வைத்து ஆடும் ‘டு தி ஸ்ட்ராங்கெஸ்ட்’ இதைவிட எளிது, பெரிய போருக்கும் தாங்கும்.

பிரிட்டன் பக்கம் போகிறவர்களுக்கு ‘சாகா’, ‘டக்ஸ் பிரிட்டானியாரம்’ என்ற இரண்டு விதிநூல்கள் உண்டு. தனி ஆட்டங்களாக ஆட முதலாவது, ஒரு தலைவனின் வாழ்க்கையை வருடக்கணக்கில் தொடர இரண்டாவது. சாகாவில் ரோமர், கோத், ஹூணர், சாக்சன் எல்லாருக்கும் தனித்தனிப் பலகை இருக்கிறது. முப்பது முதல் அறுபது வீரர்கள் போதும். பிரிட்டனைத் தாண்டியும் இந்தச் சிறுபடை பயன்படும். 408இல் ரோம் நகரை முற்றுகையிட்ட கோத்து அரசன் அலாரிக் கேட்டு வாங்கியவற்றில் தங்கம், வெள்ளி, பட்டோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. நம் மேற்குக் கரையில் கொடியேறிய மிளகு. அந்த மூட்டைகள் போகும் வண்டியைப் பாதுகாப்பது அருமையான மாலை ஆட்டம்.

எதிராளியையும் கணக்கில் எடுங்கள். இந்தியாவில் இதை ஆடுபவர்கள் மிகக் குறைவு. எனவே இரண்டு படையையும் நீங்களே சேர்க்க வேண்டியிருக்கும், வீட்டில் ஒருவரைப் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருக்கும். ஒரு மணி நேரத்தில் முடியும் ஆட்டத்துக்கு ஆள் கிடைக்கும், ஐந்து மணி நேர ஆட்டத்துக்குக் கிடைக்காது. ஆளே கிடைக்காவிட்டாலும் ரைன் கைவிடாது. எதிரி எந்தத் துண்டில் வருவான் என்பதையும் பகடைக்கு விட்டுவிட்டுத் தனியாகவே ஆடலாம்.

இன்னொரு எச்சரிக்கை, சென்னையில் இருப்பவர்களுக்கு. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடியில் ஸ்ப்ரே பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடிக்காதீர்கள். காற்றின் ஈரத்தில் என் இருபது கோத்துகள் பாலாடை படிந்ததுபோல வெளுத்துப்போனார்கள், எல்லாரையும் சுரண்டித் திரும்பப் பூச வேண்டியிருந்தது. பிரஷ்ஷால் பூசும் பிரைமர்தான் பாதுகாப்பு.

என்னைக் கேட்டால், 15 மி.மீ.யில் பன்னிரண்டு ரோமத் தட்டு, பன்னிரண்டு ஜெர்மானியத் தட்டு. முதல் ஆறு மாதம் ஸ்ட்ராஸ்பூர்க். அங்கே சரித்திரம் உங்களுக்கு ஆசிரியராக நிற்கும், படைகள் எப்படி நடந்துகொள்ளும் என்பது பிடிபடும். அதன்பின் அதே அலமன்னிகள் வேண்டல்களாகவும் சுவேபிகளாகவும் மாறலாம், யாரும் கண்டுபிடிக்க முடியாது. மேலும் நான்கு தட்டுகள், அதில் மூன்றில் ஆலன் குதிரைவீரர்கள், ஒரு முழம் நீலத்துணி, பனிக்கு வெள்ளை அட்டை: ரைன் தயார். நாவலைப் படித்த சூட்டில் நேராக ரைனுக்கே போகத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் படையை நடத்தத் தெரியாதவன் கையில் அந்தக் கடைசி நிலைப்பாடு வெறும் படுகொலையாகத்தான் முடியும். மேக்சிமஸ் பத்துச் சுற்று நிற்க முடிந்தது அவன் முதலில் நல்ல தளபதி என்பதால்.

வண்ணம் தீட்டுவதே பிரியம், மனிதர்களைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்பவர்கள் நான் சொன்னதைத் தள்ளிவிட்டு 28 மி.மீ.யில் பிரிட்டனுக்கே போங்கள். ஒரு தலைவன், நான்கு மெய்க்காவலர், எட்டு வீரர்கள். பதின்மூன்று பேர் முடியும்வரை வேறு பெட்டியைத் திறக்காதீர்கள்.

என் மேசையில் இப்போது எட்டு ரோமத் தட்டுகள் தயார். ஒன்பதாவதில் நான்கு கேடயம் காய்ந்துகொண்டிருக்கிறது, இரண்டு பன்றிக்கு இன்னும் முதுகு முடி வரைய வேண்டும். மார்கழிக்குள் பன்னிரண்டும் முடிந்தால் டிசம்பர் 31 இரவு அக்கா வீட்டில் ஆறு விரிக்கப்படும். அக்கா மகன் இந்த முறை ரோமர் பக்கம் கேட்டிருக்கிறான்.